எட்டு எலுமிச்சம்பழம்

டாக்குரியாவில் இட்லிமாவு வியாபாரம் செய்யும் ராஜ்மோகனுக்கு மறுநாள் புது எலெக்ட்ரிக் பிக்கப் வண்டி வருகிறது. வாசல் சுவரில் சார்ஜர் மாட்டியாகிவிட்டது. காளிகாட்டுக் காளி கோயிலிலிருந்து செம்பருத்தி மாலையும் வந்துவிட்டது. இடைஞ்சல் ஒன்றுதான். போன தீபாவளிக்கு முன்பே காயலான் கடைக்குப் போய்விட்ட பழைய டீசல் வேன், இன்னமும் தினம் காலையில் தன் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் ஒழுக்கி வைக்கிறது.

“அது நிக்கிற இடத்துல புதுசை எப்படி நிறுத்துறது? அதுக்கு மனசு நோகாதா?” என்றார்.

“சொல்லிப் பாருங்க. என்கிட்ட பேசினதைவிட அதுகிட்டதானே அதிகம் பேசியிருக்கீங்க,” என்றாள் மனைவி தமிழரசி.

ராஜ்மோகன் காலி இடத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். “ராசாத்தி, நீ எங்கேயும் போக வேணாம். கொஞ்சம் ஓரமா நின்னுக்க, போதும்.”

விடிந்தபோது எண்ணெய்ச் சொட்டு சுவரோரம் இருந்தது. நடுவில் ஒரு பிக்கப் நிற்கத் தாராளமாக இடம்.

“ஏங்க, எலுமிச்சம்பழம் நாலு பத்தாது. எட்டா வாங்கிட்டு வாங்க,” என்றாள் தமிழரசி.

பிக்கப் வந்து நின்றதும் அதன் சக்கரங்களுக்கு நான்கு வைத்தார்கள். மிச்ச நான்கையும் சுவரோரம், சக்கரம் இருக்கும் இடம் பார்த்து அவளே வைத்தாள். கற்பூரம் காட்டியதும் புதுவண்டி சத்தமில்லாமல் முன்னே நகர்ந்தது.

எட்டும் நசுங்கின.