லாரிக்கு அடியில்

"அப்பா, தள்ளுங்க. நான் பாக்கறேன்!"

லாரிக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருந்தது. வழக்கமான மெக்கானிக் வெளியூரில். மெக்கானிக் படிப்பு முடித்த மகளை இதுவரை லாரிப் பக்கமே அண்டவிடாத அப்பாவுக்கு வேறு வழியில்லை.

மகள் கையுறை மாட்டிக்கொண்டு குஷியாக அடியில் புகுந்தாள்.

"கிளட்ச் ஆயில்னா தண்ணி மாதிரி இருக்கும். இது கெட்டியா இருக்கு, கந்தக வாடை குப்புனு அடிக்குது. கியர் ஆயில்தான்பா!"

"ஐயையோ, கியர் பாக்ஸே போச்சா?"

"அட, அடியில இருக்கிற நட்டு லூஸ்பா, அவ்வளவுதான்!"

நட்டை முறுக்கி, ஆயில் நிரப்பி, தெருவைச் சுற்றி ஓட்டியும் பார்த்தாயிற்று. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

"இனிமே என் லாரிக்கு நீதான் மெக்கானிக்!" என்று அப்பா சாவியை அவள் கையில் திணித்தார்.

மகள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். அம்மாவின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றியவள் சட்டென்று நின்றாள். அந்தக் கைகளிலும் அதே கந்தக வாடை.

"அம்மா... நீயா?"

"மூணு தடவ சோப்பு போட்டும் போகலடி." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருஷமா இங்கேயே உக்காந்து சத்தம் போட்டுப் படிச்சியே, எந்த நட்டுன்னு எனக்குத் தெரியாதா?"