ராகம் எழுதுற இடம்

"இது வேணாம்மா" என்று சொல்லி, அமிர்தவள்ளி நீட்டிய தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார் தேவசகாயம்.

ஆம்பூரில் அவர்களுடைய சபைப் பாட்டுத் தாள் முப்பது வருஷமாக அவர் கை படாமல் அச்சுக்குப் போனதில்லை. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஆர்மோனியக்காரர். மேலே ராகமும் தாளமும் இல்லாத பாட்டை அவர் ஒருநாளும் சேர்த்ததில்லை.

இந்த முறை அறுப்பின் பண்டிகைக்கு அமிர்தவள்ளி ஒரு பாட்டு எழுதியிருந்தாள். கீழே, இயற்றியது அமிர்தவள்ளி என்று கொட்டை எழுத்தில். மேலே, ராகம் எழுதும் இடத்தில், 'நாட்டுப்புற மெட்டு' என்று. அதைத்தான் அடித்திருந்தார்.

"ஏன் சார், மெட்டு நல்லா இல்லியா?"

"எங்க புடிச்ச இத?"

"ஷூ கம்பெனில சார். பக்கத்து மிஷின் முத்துமாரி பாடுவா. நாத்து நடுறப்ப அவளே கட்டினதாம்."

"நம்ம சபையா?"

"இல்ல சார். ஆடி மாசம் கூழ் ஊத்துறவ."

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாட்டுப்புற மெட்டுன்னுலாம் என் தாள்ல போட முடியாதும்மா. நீ கெளம்பு."

அமிர்தவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயல் பாட்டு என்றால் இவ்வளவு இளப்பமா? சேற்றில் நிற்கிறவள் பாடினால் கர்த்தர் காதைப் பொத்திக்கொள்வாரா?

மறுநாள் கம்பெனியில் முத்துமாரி வேறு, "ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்டி. என் மெட்டு சர்ச்சுல எப்டி இருக்குன்னு கேக்கணும். பட்டுப்புடவ எடுத்து வெச்சிட்டேன்" என்றாள்.

வராதே என்று சொல்ல அமிர்தவள்ளிக்கு வாய் வரவில்லை.

சொன்னபடியே வந்துவிட்டாள். தலை நிறையக் கனகாம்பரத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடகர் குழுவில் நின்ற அமிர்தவள்ளிக்குக் கை காட்டினாள். பாட்டு மட்டும் இல்லாமல் போகட்டும், ஆர்மோனியத்துக்கு எதிரிலேயே போய் நின்று அவரைக் கேட்டுவிடுவது என்று அமிர்தவள்ளி முடிவு செய்திருந்தாள்.

தாள் கைக்கு வந்தது. படபடவென்று புரட்டினாள்.

நாலாவது பாட்டு அவளுடையதுதான். ஓர் எழுத்து மாறவில்லை. மேலே மட்டும் புதிதாக இருந்தது.

ராகம்: முத்துமாரி. தாளம்: ரூபகம்.

ஆயரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார் இது? இப்படி ஒரு ராகம் இருக்கா?"

"எல்லா ராகத்துக்கும் யாரோ ஒருத்தர் பேர் வெச்சதுதானே ஐயா. இதுக்கு நான் வெச்சேன்."

தேவசகாயம் அமிர்தவள்ளி பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"உன் பேரக் கரெக்டா போட்டுக்கின. மெட்டு கட்டினவ பக்கத்து மிஷின்லயே இருக்கா, அவளுக்கு மட்டும் நாட்டுப்புறமாம்மா?"

அமிர்தவள்ளி தலை குனிந்தாள். உடனே நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

அங்கே முத்துமாரி, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் தாளில் விரலை வைத்துக் காட்டி, சபைக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்:

"இந்த ராகம் நான்தான்க்கா!"