முதல் கிரகம்

"உன் கிரகம் கிரகமே இல்லடி!"

ஆய்வு மையத்து அறைக் கதவைத் தள்ளிய வேகத்திலேயே கணவன் சொன்னான். மனைவி கணினியிலிருந்து தலையைத் திருப்பினாள்.

"என்னங்க சொல்றீங்க?"

"நட்சத்திரம் லேசா ஆடுது, ஒரு கிரகம்தான் அதை இழுக்குதுன்னு சொன்னியே? அது நட்சத்திரத்து மேல இருக்கற கரும்புள்ளி! அது சுத்தி வர்றது உனக்கு ஆடற மாதிரி தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்!"

இருவருக்கும் ஒரே வேலை, ஒரே அறை, ஒரே நட்சத்திரம். நாலு வருடம் முன்பு அதன் முதல் கிரகத்தை அவள் கண்டுபிடித்தாள். அடுத்த வருடமே இரண்டாவதை இவன் கண்டுபிடித்தான். ஆனால் ஊர் உலகம் கொண்டாடியது அவளைத்தான். பத்திரிகையில் அவள் படம். அழைப்பிதழில் 'கணவருடன் வருக'. கூட வேலை செய்பவர்கள் இவனுக்கு 'ரெண்டாம் நம்பர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கட்டிய மனைவிதான், இருந்தாலும் வயிறு எரிந்தது. கொஞ்ச நாளாக அவள் தன் கிரகத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. விருது விழாவுக்குக்கூடத் தலைவலி என்று போகவில்லை. என்ன தலைக்கனம்!

எட்டு மாதம் அவளுக்குத் தெரியாமல் கணக்குப் போட்டான். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டான்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?" அவள் சட்டென்று எழுந்தாள்.

"கட்டுரையே அனுப்பியாச்சு! நம்ம மைய இயக்குநரும் படிச்சுட்டார். இனிமே அந்த நட்சத்திரத்துக்கு ஒரே கிரகம். அது என்னோடது! யாரு ரெண்டாம் நம்பர்னு இப்ப பார்ப்போம்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நன்றாக அழட்டும் என்றுதான் நின்றான். ஆனாலும் கொஞ்சம் பாவமாக இருந்தது.

"சரி, அழாத. தப்பு யாருக்குத்தான் வராது? பேசாம ஒத்துக்கோ."

"அது கரும்புள்ளின்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியுங்க."

"தெரியுமா! அப்புறம் ஏன் மூச்சு விடல?"

"எப்படிங்க சொல்வேன்? என் கிரகத்தோட இழுப்பைக் கழிச்சுட்டு, மிச்சம் இருந்த ஆட்டத்தை வெச்சுதானே உங்க கிரகத்தைக் கண்டுபிடிச்சீங்க? என்னோடது இல்லைன்னா, உங்களோடதும் இல்லைங்க!"