பார்வைப் பாசி

பார்வை பட்ட இடத்தில்தான் அந்தப் பாசி வளரும். அதை நட்டு, மீன்தொட்டிக்குள் மலையும் பள்ளத்தாக்குமாக அமைத்துக் கொடுத்த பெனிட்டாவை தேவராஜன் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"மலை மொட்டையா நிக்குது. யாரும் பாக்காத மூலையில காடு மாதிரி மண்டிக் கெடக்குது. என்னம்மா வேலை பாத்தீங்க?"

கத்தரி வைக்குமுன் வீட்டார் உட்காரும் இடங்களில் உட்கார்ந்து பார்ப்பது பெனிட்டாவின் வழக்கம். அவருடைய சோபாவுக்கு நேரெதிரே மலை இருந்தது. மனிதர் போனைவிட்டுத் தலை நிமிர்ந்திருக்கவே மாட்டார். பிறகு அவர் மனைவி சுகந்தியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மண்டிய பாசிக்கு நேர் பின்னால், தொட்டிக்கு அப்பால், வாசற்கதவு. சுகந்தி எத்தனை காலமாக அந்தக் கதவையே பார்த்திருக்கிறாள்!

திரும்பினால், சுகந்தி காபியோடு நின்றாள். கணவருக்குத் தெரியாமல், சொல்லாதீர்கள் என்பதுபோல் தலையசைத்தாள்.

"என்ன கோளாறு?" என்றார் தேவராஜன்.

"லைட்டு கோளாறுங்க சார்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, பெனிட்டா பாசியை வெட்ட ஆரம்பித்தாள். வெட்ட வெட்டக் கதவு தெளிவாகத் தெரிந்தது.

அவர் உள்ளே போனதும் சுகந்தி கிட்டே வந்தாள்.

"முழுசா வெட்டிருங்க. இனிமே அங்க வளராதுங்க, அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கும்."