திரையில் வராத பெயர்

ரோஸ்லின் வேலை பார்த்த சின்ன விமானத் திடலில், ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போது விமானியின் நினைப்பு வேறு யாரிடமாவது போனால் விமானம் தானே பிரேக் போட்டு நின்றுவிடும். அந்த ஆளின் பெயர், கட்டுப்பாட்டு அறையில் அவள் திரையில் விழும்.

பிரிட்டோவின் விமானம் தினமும் வளைவில் நின்றது. தினமும் ஒரே பெயர்தான்: அவன் மனைவி கேத்தரின்.

"வீட்டுக்காரிய வீட்லயே விட்டுட்டு வாங்க தம்பி" என்று மைக்கில் கடிந்துகொள்வாள் ரோஸ்லின். வயிறு பற்றி எரியும். அவள் கணவர் சேவியரின் விமானம் ஆறு வருஷத்தில் ஒரு தரம்கூட நின்றதில்லை. அதற்கு நிர்வாகம் கொடுத்த கேடயத்தைத் துடைத்து வைப்பதும் அவள்தான்.

அன்று அவர்களுடைய கல்யாண நாள். இன்றாவது நிற்காதா என்று சேவியரின் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், குறுக்கே போகக் கேட்ட எரிபொருள் லாரிக்கும் 'சரி' சொல்லிவிட்டாள்.

விமானம் லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ரோஸ்லின் ஆவலாகத் திரையைப் பார்த்தாள். பெயர் இல்லை. அவரே மிதித்த பிரேக்.

"லாரி வருது! கவனத்த எங்க வச்சிருக்க?" என்று ரேடியோவில் கத்தினார் சேவியர்.

மறுநாள், விமானங்களில் நினைப்பைப் பிடிக்கும் அதே கருவியை அவள் நாற்காலியிலும் பொருத்தினார்கள். பிரிட்டோவின் விமானம் வளைவில் நின்றதும் அவள் மைக்கும் அடைத்துக்கொண்டது. விமானிகள் எல்லோருடைய திரையிலும் ஒரு பெயர் விழுந்தது.

"அக்கா," என்றான் பிரிட்டோ குழப்பத்தோடு, "கேத்தரின நீங்க எதுக்கு நினைக்கிறீங்க?"