லேபிளுக்கும் லேபிள்

"அந்தக்கா மேனேஜர் ரூமுக்குப் போயிடுச்சு. கையில பேப்பர் வேற. நீ தொலைஞ்ச"ன்னான் பக்கத்து சீட்டுக்காரன்.

பாட்டுக்காரன் எட்டி மேனேஜர் ரூம் கதவைப் பார்த்தான்.

ரத்தப் பரிசோதனை லேப் அது. அவன் சேர்ந்து அஞ்சு மாசம். பக்கத்து சீட்டுக்காரனும் அதே நாள்ல சேர்ந்தவன்தான். ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் நிரந்தரமாக்குவாங்க, யாருன்னு இந்த வாரம் தெரிஞ்சுடும். இந்த நேரம் பார்த்தா தொண்டையைத் திறக்கணும்?

விஷயம் இதுதான். லேப் சீனியரை எல்லாரும் கால்குலேட்டர் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அவங்களைப் பத்தி, ஒரு மாஸ் ஹீரோ என்ட்ரி பாட்டு மெட்டுல வரியை மாத்திப் பாடி, காலையில லேப் குரூப்ல போட்டுட்டான்.

கண்ணாடிக்குள்ள மின்னலடா - அவ
கணக்கு தப்பினா சொல்லுங்கடா
பாட்டிலுக்கும் லேபிள் ஒட்டுவா - அந்த
லேபிளுக்கும் லேபிள் ஒட்டுவா

எண்ணிக்கிட்டே மாடிப்படி ஏறுறது, பேனாவை வரிசையா அடுக்குறது, ஸ்டோர் ரூம்ல மெஷின் மேனுவல் படிச்சுக்கிட்டே தனியா சாப்பிடுறது, எல்லாம் அடுத்தடுத்த சரணத்துல.

சத்தியமா கிண்டல் இல்ல. ஸ்கூல்லேர்ந்தே 'படிப்ஸ்'னு பேர் வாங்கினவன் அவன். படிப்ஸுக்குன்னு ஒரு மாஸ் பாட்டு வேணாமா?

லேபே ஆடிச்சு. ரிசப்ஷன்ல ரிங்டோனாவே வெச்சுட்டாங்க. எல்லாரையும்விட அதிகமா சிரிச்சது பக்கத்து சீட்டுக்காரன்தான். "இன்னொரு தடவை போடுடா"ன்னு மேஜையில தாளம் வேற.

சிரிக்காதது அக்கா மட்டும். இயர்போனை மாட்டி மூணு தடவை கேட்டுச்சு. பேட்ல என்னமோ எழுதிச்சு. தாளைக் கிழிச்சு எடுத்துக்கிட்டு நேரா மேனேஜர் ரூம்.

அவனுக்கு இருப்பு கொள்ளல. ஒரே டியூப்பை நாலு தடவை எடுத்துப் பேரைப் பார்த்தான். தண்ணி குடிச்சான். உட்கார்ந்தான். திரும்ப எழுந்தான். மன்னிப்புக் கேக்க மனசுக்குள்ள ஒத்திகை பார்த்தான், ஒவ்வொரு வரியும் அதே மெட்டுலயே வந்து தொலைச்சுது.

"விடு மச்சி, கேட்டாங்கன்னா உனக்காக நான் பேசறேன்"னு பக்கத்து சீட்டுக்காரன் தோளைத் தட்டினான்.

அக்கா வெளியே வந்துச்சு. முகத்துல ஒண்ணும் தெரியல.

"உன்னைக் கூப்பிடறார்."

உள்ளே போனான். மேஜையில ரெண்டு தாள். கூட வேலை செய்யற பொம்பளையைப் பாட்டுப் பாடிக் கேவலப்படுத்தினதா அவன் மேல புகார் வந்திருக்குன்னார் மேனேஜர்.

"சார், அக்கா மனசு கஷ்டப்பட்டிருந்தா நான் இப்பவே..."

"புகார் குடுத்தது அவங்க இல்லப்பா."

முதல் தாளை அவன் பக்கம் திருப்பினார். கீழே பக்கத்து சீட்டுக்காரனோட கையெழுத்து. நேரம் ஒன்பதரை. 'இன்னொரு தடவை போடுடா'வுக்குச் சரியா அஞ்சு நிமிஷம் முன்னாடி.

அவன் அந்த நேரத்தை இன்னொரு தடவை படிச்சான்.

"இவர் குடுத்ததும் அந்தம்மாகிட்ட எழுத்துல பதில் கேட்டேன். இதான் பதில். புகாரை மூடியாச்சு. படிச்சுட்டுப் போய் வேலையைப் பாரு."

ரெண்டாவது தாள். அச்சடிச்ச மாதிரி எழுத்து.

'மூன்று முறை கேட்டுச் சரிபார்த்தேன். கேவலம் எதுவும் இல்லை. ஆனால் பாடலில் மூன்று தவறுகள் உள்ளன.

1. மாடிப்படிகள் 46 அல்ல, 47.

2. பேனாக்களை நான் நிறப்படி அடுக்குவதில்லை. மீதமிருக்கும் மையின் அளவுப்படி.

3. "ஸ்டோர் ரூமில் தனியாச் சாப்பிடும் ராணி" - நேற்று வரை சரி. இன்று ஒரு மணிக்குப் பாடியவர் டிபன் பாக்ஸோடு வந்தால், இதுவும் தவறு.'