மை விரல்

ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், சவரம் செய்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இன்று முதல்முறையாக நாட்டில் எல்லோருக்கும் வாக்கு. பத்தாண்டுகளுக்கு முன் பட்டதாரிகளுக்கு மட்டும்தான் தந்தார்கள். அன்று வாக்களித்துவிட்டு வந்தபோது, பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட என் மனைவி பூங்கோதை என் மை விரலைப் பிடித்துக்கொண்டாள். தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"உனக்குப் பத்து வருஷம் போகட்டும். ஒரேயடியா எல்லாருக்கும் குடுத்தா நாடு தாங்காது," என்றேன்.

"நான் ஒருத்தி போட்டா சாஞ்சிருமா உங்க நாடு?" என்று சிரித்தாள்.

வாக்குச்சாவடிச் சுவரில், நாலு வருஷத்துக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட வாக்காளர் பட்டியல் ஒட்டியிருந்தது. பூங்கோதை இறந்து மூன்றாண்டாகியும் அவள் பெயரை யாரும் நீக்கவில்லை. அதன்மேல் விரலை வைத்தேன்.

"பேரு இருக்கா சார்?" என்றார் பின்னால் நின்றவர்.

"இருக்கு," என்றேன்.

மருத்துவமனைக் கட்டிலில் கண்ணைத் திறந்து அவள் கடைசியாகக் கேட்டது: "பத்துல எத்தனை போச்சுங்க?"